பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

ஒரு பள்ளிக்கூடம் சுவர்களால் ஆனதா, அதில் படித்தவர்களால் ஆனதா? ஊரும் சனமும் ஒன்றாயிருக்கும்வரை இந்தக் கேள்விக்கு வேலையில்லை. இரண்டும் பிரிந்தபின் அது கடன் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. யாழ்ப்பாணம் ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்து 1986இல் லண்டன் வந்தவன் நான். பழைய மாணவன் என்ற முறையில் யாருக்குக் கடமைப்பட்டவன்?

எங்கள் படிப்புக்கு வாப்பா சம்பளம் கட்டவில்லை. 1945இல் கன்னங்கரா காலத்தில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் நாங்கள். மலைநாட்டில் கொழுந்து பறித்த பெண்ணின் உழைப்பும் அந்தச் செலவில் கலந்திருந்தது. அவளுடைய பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வெகுகாலம் சென்றது. குருதட்சணை கொடுத்துத் தீர்க்கிற கடன் அல்ல இது. தந்தவர்கள் முகம் தெரியாதவர்கள். அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பின்னால் வருகிற பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வழியுண்டு.

அந்தப் பிள்ளை யார் என்பதில்தான் சிக்கல். 1990 அக்டோபர் 30ஆம் தேதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் ஊரிழந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். பலருடைய பிள்ளைகள் புத்தளத்திலேயே வளர்ந்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் பழைய மாணவர்கள் கூடினால் இரண்டு கட்சி உண்டு. "கட்டடத்துக்குக் கொடுப்போம், பள்ளிக்கூடம் எழுந்து நின்றால்தான் சனம் திரும்பிப் போகும்" என்பது ஒன்று. "புத்தளத்தில் இருக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது? அதுவும் நம் வகுப்புத் தோழனுடைய பேரப்பிள்ளைதானே?" என்பது மற்றது. இரண்டும் நியாயம்தான். ஆனால் நம் மனம் முதலாவது பக்கமே சாய்கிறது. நினைவு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் காரணம்.

அந்த நினைவையே சற்று விசாரிக்கலாம். பள்ளிக்கூட நாட்கள் என்றால் எனக்கு முதலில் வருவது சாட்டிக் கடற்கரை. பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாகச் சுற்றுலா போவோம். கடலில் குளித்து உப்புப் பூத்த உடம்போடு வந்தால், கூப்பிடு தூரத்தில் நன்னீர்க் கிணறு. அது கடல் தந்த தண்ணீர் அல்ல. மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். அத்தனை அரிதான தண்ணீரை வேலணைச் சனம் எங்களுக்கு இறைத்து ஊற்றினார்கள். எந்த ஊர், என்ன மார்க்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆக, சாட்டியின் இனிமை என்று நான் இத்தனை காலம் வைத்திருப்பது மணலின் குணமல்ல, மனிதர்களின் செய்கை. அந்தத் தீவுச் சனமும் போரில் சிதறியது. தண்ணீர் தந்தவரின் பிள்ளைகள் இன்று பாரிஸிலோ டொரொண்டோவிலோ இருக்கலாம். அந்தக் கடனைக் கிணற்றுக் கட்டில் என் பெயரைப் பொறித்துத் தீர்க்க முடியுமா?

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்டது. கல்வியும் அமானிதமென்றால், அதற்கு உரியவர் இன்று அது இல்லாமல் நிற்கிற பிள்ளை. எந்தச் சுவர் என் நினைவில் இருக்கிறது என்பதல்ல, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்பதே முதல் கேள்வி. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய குடும்பத்தின் பிள்ளைக்குக் கூரை வேண்டுமென்றால் கூரைக்குக் கொடுக்கவேண்டும். அந்தப் பிள்ளையால்தான் கட்டடத்துக்கும் உரிமை வருகிறது. புத்தளத்துப் பிள்ளைக்குப் புத்தகமும் ஆசிரியரும் வேண்டுமென்றால் அங்கே கொடுக்கவேண்டும். அது ஒஸ்மானியாவின் வாசலை மிதிக்காமலே இருக்கலாம். வெளியேற்றம் நடந்திராவிட்டால் எந்த வாங்கில் அமர்ந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். அவ்வளவு போதும், அதை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று சொல்ல.