பசி யாருடையது?

மகள் தன் 16ஆவது பிறந்தநாளுக்கு நகை வேண்டாம், கடற்சாமந்தி வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வந்து ஒரு வருடமாகிறது. தொட்டி அவளுடைய சேமிப்பு, மின்சாரக் கட்டணம் என்னுடையது. கடைக்காரர் அந்தச் சீவனை ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டித் தந்தார். எங்கிருந்து பிடித்தது என்று கேட்டேன். "இந்து சமுத்திரம்" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. நான் திருகோணமலையில் நீந்தப் பழகியவன். பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுக்கவில்லை.

வீட்டில் பைநீரோடு தொட்டிநீரைத் துளித்துளியாக ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகக் கலந்தோம். மகள் அதற்கென்று ஒரு கல்லிடுக்கைத் தெரிந்து வைத்திருந்தாள். கதிரையில் இருந்தபடியே பார்க்கக்கூடிய இடம். கடற்சாமந்திக்கு அது பிடிக்கவில்லை. இரவோடிரவாக ஊர்ந்து, தொட்டியின் பின்மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்துத் திரும்ப வைக்கவும் முடியாது. அதன் பாதம் கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஒளியும் நீரோட்டமும் ஒத்துவரும்வரை அது அலையும். அலையும்போது பம்பின் வாய்க்குள் இழுபட்டுச் சிதையாமல் அந்த வாயைப் பஞ்சால் மூடிவைக்கலாம். நாங்கள் செய்யக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

நாலாம் நாள் மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அது பட்டினி கிடக்குது." எனக்கும் பொறுக்கவில்லை. பெருவிரல் அளவு இறால் துண்டொன்றை நீட்டினேன். கைகளெல்லாம் மடிந்து துண்டை வாய்க்குள் இழுத்தன. இருவரும் கைதட்டாத குறை. அடுத்தநாள் காலை பாதி செரித்த இறால் வெள்ளைச் சளியோடு வெளியே கிடந்தது. தொட்டி மணத்தது. கடற்சாமந்தி சுருங்கி, பழைய காலுறை போலத் தொங்கியது.

பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். அதன் தசைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு உணவாக்கி, அதன் தேவையில் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. புதிதாக வந்ததை ஒரு வாரமாவது சும்மா விடவேண்டும். பிறகும் சுண்டுவிரல் நகத்தளவு துண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வாயும் கழிவுவழியும் அதற்கு ஒன்றே. தாங்காததைத் திருப்பிக் கக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படியென்றால் நாலாம் நாள் பசித்தது யாருக்கு? "சாப்பிட்டீங்களோ" என்பதை வணக்கமாகவே வைத்திருக்கும் சனங்கள் நாங்கள். போதும் என்று கையை மறைக்கிற விருந்தாளியின் கோப்பையில் இன்னொரு அகப்பை போடுவதை அன்பு என்கிறோம். கொடுத்தலை நாங்கள் கேள்வி கேட்பதில்லை.

இதைக் கேட்ட நண்பர், "மச்சான், இது எங்கடை கதையெல்லோ. பிடுங்கிக் கொண்டுவந்து கண்ணாடிக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள்" என்றார். எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கதையில் நான் கடற்சாமந்தி இல்லை. அதிகாரி. 1993இல் ஜேர்மனியில் வந்த சட்டம் அகதிகளுக்குப் பணத்தைவிடப் பொருளாகக் கொடுப்பதையே முதன்மையாக்கியது. எங்கள் முகாமில் உணவுப்பொதி தந்த அம்மா நல்லவர். சாப்பிடாமல் விட்ட பொதிகளைக் கண்டு உண்மையிலேயே மனம் நொந்தார். எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பல வருடங்கள் அவரைக் கோபத்தோடுதான் நினைத்திருந்தேன். இறால் துண்டோடு தொட்டிமுன் நின்றபோது அவருடைய முகம் எனக்கு விளங்கியது.

மூளையில்லாத சீவனுக்கு இவ்வளவு யோசிப்பதா என்று கேட்கலாம். அதற்கு இருப்பது ஒரு நரம்புவலை மட்டுமே. ஆனால் கடற்சாமந்தி இனமொன்று ஒளியையும் மின்னதிர்ச்சியையும் தொடர்புபடுத்திப் பழகிக்கொள்கிறது என்று 2023இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது வலியா என்பது வேறு விடயம். வலியை நிரூபித்தபிறகுதான் பக்குவமாய் நடப்போம் என்பது அகதி விசாரணைக்காரரின் தர்க்கம். அதை இன்னோர் உயிர்மீது பாவிக்க எனக்கு விருப்பமில்லை.

வளர்ப்பதற்குச் சார்பாகவும் ஒரு சாட்சியுண்டு. 1828இல் ஜோன் கிரகாம் டாலியெல் என்பவர் ஸ்கொட்லாந்தின் நோர்த் பெரிக் கரையிலிருந்து கடற்சாமந்தியொன்றை எடுத்துவந்தார். அவர் 1851இல் இறந்தார். அது கைமாறிக் கைமாறி, 'கிழவி' என்று செல்லமாக அழைக்கப்பட்டு, எடின்பரோவில் 1887வரை வாழ்ந்தது. அதற்குக் கிடைத்த சாப்பாடு இடையிடையே சிறிது சிப்பித்தசை. அதே நூற்றாண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய புத்தகங்களை வாசித்து ஆசைப்பட்டவர்கள் இங்கிலாந்தின் பாறைக்குளங்களைச் சுரண்டி வெறுமையாக்கினார்கள். 1907இல் அவர் மகன் எட்மண்ட் அதை வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். வெறுப்பில் யாரும் ஒரு கடற்சாமந்தியைப் பெயர்த்ததில்லை.

எங்களுடையதை இனிக் கடலில் விடமுடியாது. இங்கத்தைய கடல் அதற்குக் குளிர். தொட்டியில் வளர்ந்தவை கொண்டுபோகும் நோய்கள் வேறு. எங்களுடையது போன்ற குமிழ்நுனி இனம் தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது என்பதும், அப்படிப் பிரிந்ததையே கேட்டு வாங்கியிருக்கலாம் என்பதும் பிந்தித்தான் தெரியவந்தது.

மூன்று மாதமாக அது அதே பின்மூலையில் இருக்கிறது. மகள் தன் கதிரையைச் சுவரோரம் நகர்த்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இறாலை நகத்தளவுக்கு வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஒரு கையில் மெல்லத் தொட்டுப் பார்க்கிறாள். போன கிழமை துண்டைத் திரும்பக் கொண்டுவந்து பூனைக்குப் போட்டாள். என்ன என்று கேட்டேன்.

"இண்டைக்கு வேண்டாமாம்."