எலுமிச்சம்பழம் எதுவரை காக்கும்?

எங்கள் சுந்தரபாண்டியபுரத்தில் புது வண்டி வாங்குகிறவர்கள் நேராக அம்மன் கோயிலுக்குத்தான் வருவார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ‘ஏத்துங்க’ என்று சொல்வது என் வேலை. அப்பா செய்தார், இப்போது நான் செய்கிறேன். பழம் நசுங்கியதும் வண்டிக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு யோசனை உண்டு.

பக்கத்து ஊர்களில் இன்னும் சில சின்னக் கோயில்களுக்கும் நான்தான் பூசை. ஒருகால பூசைக் கோயில்கள். எண்ணெய்க்கும் திரிக்கும் கணக்குப் பார்க்கிற கோயில்கள். அதனால் விடிந்தால் நான் பைக்கில்தான் இருப்பேன். முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள 150 சிசி வண்டி. பேடு தேய்ந்தால் வீட்டு முற்றத்தில் நானே மாற்றிக்கொள்வேன். அப்படி மாற்றும்போது பார்த்த தங்கை மகன், இன்ஜினீயரிங் படிக்கிறவன், கேட்டான்: “மாமா, ஊருக்கெல்லாம் பழம் வச்சு அனுப்புதிய. உங்க வண்டிக்கு மட்டும் பேடு மாத்துதிய. அப்போ உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கேள்வி பழையது, கனமானது. சாமி காக்கும் என்று நம்புகிறவன் பேடைக் குனிந்து பார்ப்பது நம்பிக்கைக் குறைவா? பேடுதான் காக்கும் என்றால் என் சூடத்தட்டு எதற்கு?

முதலில் பேடைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சி கேட்கிற முதல் கேள்வி, ‘ஒரிஜினலா, லோக்கலா?’ என்பது. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு ரோசாப்பூ மாலைக்குக் காணாது. பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டில் சில பேடுகளுக்கு இரண்டு எழுத்து பொறித்திருக்கும்: எஃப் எஃப், ஜி ஜி, எச் எச் என்று. முதல் எழுத்து சூடேறாதபோது உள்ள பிடிப்பு, அடுத்தது சூடேறிய பிறகு. எஃப் என்றால் உராய்வு எண் 0.35-லிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை, எச் அதற்கும் மேல். இளைஞர்கள் எச் எச்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். உலோகப் பொடியை வேகவைத்து இறுக்கிய பேடுகள் பெரும்பாலும் அந்த வகை. நன்றாகப் பிடிக்கும், அதற்கென்று செய்யாத டிஸ்கையும் சேர்த்துத் தின்னும். பால் கேனும் பூக்கூடையும் ஏற்றி ஊருக்குள் போகிற வண்டிக்கு, பிசின் சேர்த்து இறுக்கிய சாதாரண கம்பெனி பேடே போதும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எது சொல்லியிருக்கிறதோ அதை வாங்குங்கள்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பேடைக் கோத்திருக்கும் பின்னை, கேலிப்பர் வண்டியில் இருக்கும்போதே எல்-கீயால் தளர்த்திக்கொள்ள வேண்டும். கழற்றிய பிறகு அதோடு மல்லுக்கட்ட முடியாது. அப்புறம் இரண்டு போல்ட்டை எடுத்தால் கேலிப்பர் கையோடு வந்துவிடும். உள்ளே செம்மண் சேறும் பேடு பொடியும் கறுப்பாய் அப்பியிருக்கும். வாயால் ஊதக் கூடாது. ஒரு காலத்துப் பேடுகளில் கல்நார் சேர்த்தார்கள். மலிவுச் சரக்கில் இன்று என்ன சேர்கிறது என்பது அட்டைப்பெட்டியைப் பார்த்தால் தெரியாது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. பிஸ்டனையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும், அழுக்கோடு தள்ளினால் சீல் கெடும். கேலிப்பர் நகர்கிற பின்களுக்குச் சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சம். அது பேடில் ஒட்டினால் அந்தப் பேடு அவ்வளவுதான். ஒரு பேடு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேய்ந்திருந்தால் இந்தப் பின்கள் இறுகியிருக்கின்றன என்று அர்த்தம். குற்றால சீசனில் சாரலிலேயே ஓடுகிற வண்டிகளில் இது சகஜம். எல்லாம் பூட்டிய பிறகு, வண்டியை எடுப்பதற்கு முன், லீவர் கெட்டியாகிறவரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் அழுத்துக்கு எதுவுமே பிடிக்காது. இதை மறந்தவனுக்குத் தெருமுனை வரைக்கும்தான் பயணம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும். அது விட்ட இடத்தை நிரப்ப மேலேயிருந்து பிரேக் ஆயில் இறங்கும். ஹேண்டில்பாரில் இருக்கும் டப்பாவின் சின்னக் கண்ணாடியில் மட்டம் குறைந்து, எங்கேயும் ஒழுகலும் இல்லையென்றால், கீழே பேடு மெலிந்துவிட்டது என்று வண்டியே சொல்கிறது. பலர் அதைப் பார்த்ததும் ஆயிலை ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டிவிட்டுப் போகிறார்கள். பல்லி கெட்ட திசையில் சொன்னது என்று பல்லியை அடித்து விரட்டுகிற ஆட்களும் இவர்களும் ஒரே சாதி. அப்படி ஊற்றிவைத்தவர் புதுப் பேடு போட்டுப் பிஸ்டனைத் தள்ளும்போது அதிகப்படியான ஆயில் பொங்கி வழியும். டேங்கில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

இனி மருமகன் கேள்விக்கு வருகிறேன்.

கும்பாபிஷேகத்தில் உடனிருந்தவர்களுக்கு அஷ்டபந்தனம் தெரியும். சிலையையும் பீடத்தையும் ஒட்டிப் பிடிக்கிற மருந்து அது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டையும் சேர்த்துப் பதம் வருகிறவரை இடிப்பார்கள். பதமாக இருக்கிறவரை அபிஷேகத் தண்ணீர் பீடத்துக்குள் இறங்காது. காலப்போக்கில் மருந்து காய்ந்து வெடிக்கும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பாலாலயம் செய்து, சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது சாத்துகிறார்கள். மருந்து வெடித்ததைப் பார்த்து ‘சாமிக்குச் சக்தி போயிட்டு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சாமி பார்த்துக்கிடும், மருந்து எதுக்கு’ என்றும் சொல்வதில்லை. ஸ்தபதிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். கடவுள் நிற்கிற இடத்திலேயே தேய்கிற ஒரு பொருளை வைத்து, அதை மாற்றுகிற முறையையும் வகுத்துவைத்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்குப் பராமரிப்பு பக்தியின் ஓர் அங்கம். அப்படியிருக்க, டிஸ்க் பேடு மாற்றுவது மட்டும் எப்படி நம்பிக்கைக் குறைவாகும்?

இது பாதிப் பதில்தான். மீதிப் பாதி விதியைப் பற்றியது.

ஒரு ஆடி மாதம். மேல்காற்று பேயாய் வீசிக்கொண்டிருந்தது. ரோஜா படம் 1992-ல் வந்ததிலிருந்து எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். இப்போது சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும், வயலோரம் நெடுக வண்டிகள் திடீர் திடீரென்று நிற்கும், செல்போனோடு ஆட்கள் இறங்குவார்கள். அப்படி நின்ற ஒரு காரைச் சுற்றிக்கொண்டு வந்த உள்ளூர்ப் பையனின் பைக், வெங்காயக் காட்டிலிருந்து ரோட்டைக் கடந்த ஒரு ஆச்சியை இடித்துவிட்டது. ஆச்சிக்குத் தொடை எலும்பு முறிவு. பையன் பிரேக் பிடித்திருக்கிறான், நிற்கவில்லை. பிறகு நான் அந்தப் பேடைப் பார்த்தேன். தேய்மானம் காட்டுகிற காடி மறைந்து, தகடு டிஸ்கில் உரசிய தடம் இருந்தது. நான் பூசை போட்டுக் கொடுத்த வண்டிதான் அது.

ஆச்சியைப் பார்க்கப் போனபோது அவள் சொன்னாள்: “எல்லாம் என் விதி சாமி.” பையனின் அப்பா என்னிடம் சொன்னார்: “அந்த ஆச்சிக்கு அன்னைக்கு விதி, நாம என்ன செய்ய?”

வார்த்தை ஒன்றுதான். ஆச்சி வாயில் அது மருந்து. வலியோடு படுத்திருக்கிறவள், யாரையும் சபிக்காமல் அடுத்த நாளைக் கடத்துவதற்கு அந்தச் சொல் அவளுக்கு வேண்டும்; அவளுக்கு அதைச் சொல்ல உரிமையும் உண்டு. பையனின் அப்பா வாயில் அதே சொல் களவு. தன் வீட்டு வினையை அவள் கணக்கில் எழுதுகிறார்.

மெய்கண்டார் வழியில் வந்த சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. பிறவிதோறும் சேர்த்து மூட்டையாக இருப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். இப்போது நான் புதிதாகச் செய்து சேர்த்துக்கொண்டிருப்பது ஆகாமியம். நம் ஊரில் விதி என்று வாய் திறந்தால் எல்லாரும் பிராரத்தத்தை மட்டுமே பேசுகிறார்கள். மூன்றாவதை வசதியாக மறந்துவிடுகிறோம். பேடு தேய்ந்துவிட்டது என்று தெரிந்தும் ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று சாவியைத் திருகுகிறேன் பாருங்கள், அந்த நிமிடம் நான் செய்வது ஆகாமியம். அது எந்தப் பூர்வ ஜென்மத்திலிருந்தும் வரவில்லை. திருக்குறளில் ஊழ் என்ற 38-ஆம் அதிகாரத்தோடு அறத்துப்பால் முடிகிறது; அதே வள்ளுவர் பிறகு 62-ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்தார். மேடையில் பேசுகிறவர்கள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதை நான் விட மாட்டேன்.

என் தீர்ப்பு இது: விதி என்பது எனக்கு நடந்து முடிந்ததைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருக்கு நடக்கப்போவதைப் பற்றி, அதிலும் என் கையால் நடக்கப்போவதைப் பற்றி, அந்தச் சொல்லை எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆக்சிலேட்டர் என் அவசரத்துக்காக இருக்கிறது. பிரேக் பெரும்பாலும் எதிரே வருகிறவருக்காக. அதனால்தான் அதைப் பார்க்காமல் விடுவது வெறும் சோம்பல் ஆகாது.

தென்காசிக் கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாட்டு ஒன்று இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை எடுப்பித்த அரசன், பிற்காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஒரு குறை வந்தால் அதை நேராக்கிக் காப்பவர்களை உலகறியப் பணிவதாக அதில் சொல்கிறான். தான் கட்டியது என்றைக்கும் அப்படியே நிற்கும் என்று அவன் நினைக்கவில்லை. முகம் தெரியாத பழுது பார்க்கிறவனுக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டுவைத்தான். குறையும் வந்தது. சிதைந்து நெடுங்காலம் நின்ற ராஜகோபுரம் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990-ல்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்குப் போய்வந்த கதையை இன்னும் சொல்வார்கள்.

அப்படியென்றால் பூசை எதற்கு என்று மருமகன் விடவில்லை. குறுக்கே பாய்கிற நாய், ரோட்டில் காயப்போட்ட உளுந்து, எதிரே தூங்கி வழிகிற லாரி டிரைவர் – இவை எதுவும் என் எல்-கீக்குள் அடங்காது. அடங்காததற்குத்தான் கை கூப்புகிறேன். அடங்குகிறதைச் செய்யாமல் கூப்பினால் அம்மனை நான் வேலைக்காரியாக்குகிறேன் என்று அர்த்தம். இதைச் சொன்னதற்கு அவன் ஏபிஎஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், நல்லதுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். பேடே இல்லாத இடத்தில் அதற்கும் வேலை இல்லை.

இப்போதெல்லாம் பூசை முடிந்ததும், ‘பேடு எப்போ பார்த்தீய?’ என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. சாமி கும்பிட வந்த இடத்தில் மெக்கானிக் மாதிரிப் பேசுகிறார் என்கிறார்கள். பேசட்டும்.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் பைக்கிலேயே போவார்கள். திரும்பும்போது எஸ் வளைவில் இறக்கம் முழுக்கப் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வராதீர்கள். கியரைக் குறைத்து இன்ஜினில் இறங்குங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துவைத்திருக்கும், சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும்; ஈரம் சேர்ந்த பிறகு அதற்கு விதித்திருக்கும் குறைந்த அளவு 155 டிகிரிதான். மாலை போடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பேடைப் பாருங்கள். காடி மறைந்திருந்தால் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். எல்-கீ பிடிக்கத் தெரியாதவர்கள் சுந்தரபாண்டியபுரத்துக்கு வரலாம். தட்சிணை வேண்டாம், பேடு மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.