புறங்கைத் தேன்

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்க மாட்டானா?" என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. லஞ்சத்தைப் பற்றி நம் ஜனங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். இதிலே கோபம் இல்லை. ஒரு சிரிப்பு இருக்கிறது. ஒரு மன்னிப்பு இருக்கிறது. 'நாமாக இருந்தாலும் அப்படித்தானே செய்வோம்' என்ற ஒப்புதலும் இருக்கிறது. ஆனால் இதே ஜனங்கள்தாம் ரயிலிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தலிலும், "நாடு கெட்டுப் போச்சு சார், காசு வைக்காமல் ஒரு காகிதம் நகருமா?" என்று மனம் நொந்து பேசுகிறார்கள். அந்த நோவும் பொய்யல்ல. சிரிப்பும் நோவும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதைத்தான் நான் சில காலமாக யோசித்து வருகிறேன்.

டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்பு 2020-ஆம் ஆண்டில் ஆசிய நாட்டு மக்களிடம் எடுத்த கணக்கு ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டில் நூற்றுக்கு 89 பேர், சர்க்காரில் ஊழல் பெரிய பிரச்னை என்று சொன்னார்கள். அதற்கு முந்திய ஓராண்டில் சர்க்கார் காரியங்களுக்குப் போனவர்களிலே, தாமே லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 39 பேர். தெரிந்தவர் மூலம் சிபாரிசு பிடித்துக் காரியம் முடித்ததாகச் சொன்னவர்கள் 46 பேர். இந்த மூன்றாவது எண்தான் என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. சிபாரிசு பிடித்தவரை யாரும் லஞ்சம் கொடுத்தவராக நினைப்பதில்லை. "அவருக்கு நல்ல செல்வாக்கு" என்று மரியாதையோடு பேசுகிறோம். அவர் முன்னால் போனதால் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டவர் யார் என்று நாம் விசாரிப்பதே இல்லை.

இந்த மனநிலையைப் பற்றி ஸ்வீடன் தேசத்துப் பொருளாதார அறிஞர் குன்னர் மிர்தால் 1968-இல் வெளிவந்த தம் பெரிய நூலில் எழுதியிருக்கிறார். தெற்காசியாவில் ஊழல் இருக்கிறது என்பதோடு, ஊழலைப் பற்றி ஊர் ஊராகப் பேசப்படும் கதைகளும் இருக்கின்றன. அந்தக் கதைகளே ஒரு சக்தி என்பது அவர் கருத்து. 'எல்லோரும் வாங்குகிறான்' என்று ஊர் நம்பிவிட்டால், வாங்காமல் இருக்கிறவன் பைத்தியக்காரனாகத் தோன்றுவான். கொடுக்க மறுப்பவன் உலகம் தெரியாதவன் ஆகிவிடுவான். ஊழலைப் பழிப்பதற்காகப் பேசிய பேச்சே, நாளடைவில் அதற்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டாகி விடுகிறது.

நாம் லஞ்சம் என்று ஒரே பெயரால் அழைப்பதிலே இரண்டு ஜாதி உண்டு. நமக்கு நியாயமாக உரியதைப் பெறுவதற்குக் கொடுக்கும் பணம் ஒன்று. பட்டா மாற்றுவதற்கும் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்கும் கொடுப்பது இந்த வகை. தமிழரான கே. சந்தானம் தலைமையில் 1962-இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு, 1964-இல் கொடுத்த அறிக்கையில் இதை 'வேகப் பணம்' என்ற பொருளில் விவரித்திருக்கிறது. காரியம் சட்டப்படியானதுதான், காகிதம் நகர்வதற்கு மட்டும் காசு. இதைக் கொடுக்கும்போது நம் வயிறு எரிகிறது. பந்தலில் நாம் பேசுவதெல்லாம் இந்தப் பணத்தைப் பற்றித்தான்.

இன்னொரு ஜாதி இருக்கிறது. நமக்கு உரிமையில்லாத ஒன்றை அடைவதற்கு, அல்லது நாம் கட்டுப்பட வேண்டிய ஒரு விதியிலிருந்து தப்புவதற்குக் கொடுக்கும் பணம் அது. இதைக் கொடுத்தவனுக்கு வயிறு எரிவதில்லை. வாங்கியவனுக்கும் மனக்குறை இல்லை. இருவரும் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். அழுவதற்கு அந்த அறையில் ஆள் இல்லாததால், இது ஊர்ப் பேச்சிலே லஞ்சமாகவே பதிவாவதில்லை.

இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்திலிருந்து விளங்கவில்லை. சிவகாசியை ஒட்டியுள்ள விஸ்வநத்தத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது விளங்கிற்று. அந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இப்ப வந்திருக்கிறவரு சோறு திங்க விடமாட்டாரு அண்ணாச்சி. ரூமுக்கு ஒரு ஆளு கூடுதலா இருந்தாலும் எழுதிட்டுப் போறாரு. முன்னால இருந்தவரு தங்கமான மனுசன். தீபாவளிக்குத் தீபாவளி ஏதோ வாங்கிக்குவாரு. நம்ம பொழப்பைக் கெடுத்ததில்லை."

எந்த அதிகாரி, எந்த ஆபீஸ் என்று நான் விசாரிக்கவில்லை. 'தங்கமான மனுசன்' என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. வாங்கியவர் தங்கம், வாங்காதவர் வயிற்றிலடிப்பவர். சொன்னவர் கெட்டவரும் அல்ல. காலை ஏழு மணிக்கே கை விரல்களில் வெள்ளிப் பொடி ஏறிய உழைப்பாளி.

ஆனால் அந்த 'ஒரு ஆள் கூடுதல்' என்ன என்று பார்க்க வேண்டாமா? பட்டாசு அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓர் அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம். அறைக்கும் அறைக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் வேண்டும். மரத்தடியிலும் திறந்த வெளியிலும் வேலை நடத்தக் கூடாது. இவை காகிதத்துக்காக எழுதிய விதிகள் அல்ல. ஓர் அறை வெடித்தால் நான்கு பேரோடு போகட்டும், அடுத்த அறைக்குத் தீ தாவாமல் இருக்கட்டும் என்று, முன்பு செத்தவர்களின் கணக்கைப் பார்த்து எழுதியவை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர்வரை மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களே அல்ல. தீயைக் கண்டு உதவிக்கு ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூருக்கு அருகே அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது அப்போது வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டைப் பக்கம் 10 பேர் மடிந்தார்கள். இந்த இடங்களில் யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயமும் அல்ல, கோர்ட்டின் வேலை. நான் சொல்ல வருவது வேறு. இங்கெல்லாம் விதி எதற்காக இருக்கிறது என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது. விதியைத் தளர்த்துவதற்கு ஒரு விலை உண்டு என்றால், அந்த விலையின் பெரும்பகுதியைக் கொடுப்பவர் முதலாளியும் அல்ல, அதிகாரியும் அல்ல. ஐந்தாவது ஆளாக அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்.

இவ்வளவு தெளிவாக இருந்தால் ஊரார் ஏன் கண்டிப்பான அதிகாரியை வெறுக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் அந்த ஊரில் மருந்து திணிக்கும் வேலை செய்யும் ஓர் அம்மாளிடம் கேட்டேன். "ஆபீஸ் திறந்திருந்தா பயம், பூட்டிட்டா பசி. பயத்தைத் தாங்கிக்கலாம் ஐயா, பிள்ளைக பசியை எப்படித் தாங்குறது?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. கறிவேப்பிலைக் கொத்துபோல் நாம் அள்ளிப் போடுகிற உபதேசம் எதுவும் இந்தப் பதிலுக்கு முன் நிற்காது. யோக்கியமான அதிகாரி ஒருவர் வந்து குற்றம் கண்டு ஆபீஸைப் பூட்டுகிறார். அவர் செய்தது சரி. ஆனால் அந்தச் சரியான காரியத்துக்கான அபராதம் முதலில் விழுவது குற்றம் செய்யாத அந்த அம்மாளின் அடுப்பில். பூட்டிய நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத வரையில், ஏழையின் கண்ணுக்கு நேர்மை என்பது பசியாகவும், லஞ்சம் என்பது கருணையாகவும்தான் தெரியும். ஜனங்களின் நியாய உணர்ச்சி மழுங்கிவிட்டது என்று சொல்லுவது சுலபம். அது மழுங்கவில்லை; சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதை அது சரியாகவே பார்க்கிறது. அதற்கு மேல் பார்க்கத்தான் அதற்கு வசதியில்லை.

வசதியுள்ள நமக்கு என்ன சமாதானம்? நாம் ஒரு சமாதானம் வைத்திருக்கிறோம். காமராஜர் பெயரைச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சீமையில் யாரிடம் லஞ்சத்தைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் அவரிடம் வந்து நிற்கும். விருதுநகரில் அவர் தாயார் இருந்த வீட்டுக்கு உத்தியோகஸ்தர்கள் தனியாகக் குழாய் போட்டுக் கொடுத்ததையும், முதலமைச்சராக இருந்த மகன் அதை எடுக்கச் சொன்னதையும் கண் கலங்கச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும், "அது தெய்வப் பிறவி. இனி அப்படி எங்கே?" என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சோடு நம் கடமை தீர்ந்துபோகிறது. ஒன்பது வருஷ காலம் முதல் மந்திரியாக இருந்தும் தமக்கென்று ஒரு சொந்த வீடு இல்லாமல் 1975-இல் மறைந்த மனிதர் அவர். அவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவரைப்போல நடக்க வேண்டிய சிரமம் நமக்கு இல்லை. உண்மையில் அந்தக் குழாய்க் கதையில் தெய்விகம் ஒன்றும் இல்லை. 'தெருவுக்கு இல்லாதது என் வீட்டுக்கு வேண்டாம்' என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. நம்மில் யாரும் போடக்கூடிய கணக்குத்தான் அது.

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். சட்டம்கூட நான் மேலே சொன்ன இரண்டு ஜாதிகளையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது என்பதை இதிலே காண்கிறேன். ஆயினும் கைகுலுக்கிப் பிரிந்த இருவரில் எவர் போய்ப் புகார் கொடுக்கப் போகிறார்? அங்கே சட்டம் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே 'நாடு கெட்டுப்போயிற்று' என்று அடுத்த முறை பேச வாயெடுக்கும்போது, நான் கொடுத்துத் துன்பப்பட்டதை மட்டும் கணக்கில் எழுதாமல், கொடுத்துச் சுகப்பட்டதையும் எழுத வேண்டும். என் பிள்ளைக்கு வாங்கிய இடம், என் வீட்டுக்கு மேலே எழும்பிய அனுமதியில்லாத மாடி, யாரோ ஒருவர் போன் செய்ததால் முன்னால் நகர்ந்த என் மனு, மலிவாகக் கிடைக்கிறதே என்று எந்த அறையில் செய்தது என்று கேளாமல் நான் வாங்கிக் கொளுத்திய தீபாவளிச் சரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். புறங்கையை நக்கியவனைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். தேன் யாருடையது என்றும், கூட்டைக் கலைத்தபோது கொட்டுப்பட்டவர் யார் என்றும் அந்தப் பழமொழி கேட்கவில்லை. நாமாவது கேட்கலாம்.