குடிமகன்

ஆங்கிலத்தில் குடியுரிமை, மரியாதை இரண்டுக்கும் 'சிவில்' என்ற ஒரே சொல்தான். லத்தீனில் நகரத்து உரிமையாளனைக் குறித்த வேரிலிருந்து வந்தது. நம்ம பக்கம் கதை வேறு.

எம்.ஏ. வகுப்பில் 'குடி' என்றால் குலம், குடும்பம், அரசனின் கீழ் வாழும் மக்கள் என்று படித்தோம். நாஞ்சில் நாட்டு வழக்கில் குடிமகன் என்றால் நாவிதர். நாவிதர், வண்ணார் என்று ஊருக்கு ஊழியம் செய்தவர்கள் குடிமக்கள். (இந்த வண்ணார் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டுமே பட்டியல் சாதி.) எழுபது வயசுக் குடிமகனை ஒரு பொடிப்பயல் 'ஏலே, நாளைக்கு வந்திரு' என்பான். கிழவர் 'சரிங்கய்யா' என்பார். மரியாதை என்பது கீழிருந்து மேலே கட்டுகிற வரி.

திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1855இல். 1871இல் மிஷனரி சாமுவேல் மேட்டீர் எழுதிய புத்தகத்தைப் பாருங்கள். அடிமைச் சாதியார் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியேன்'தான். தன் சோற்றைச் சோறு என்று சொல்லவும் வாய் கிடையாது, அழுக்குக் கஞ்சி என்றே சொல்ல வேண்டும்.

1950இல் அரசியல் சட்டம் வந்தது. தமிழில் எல்லோரும் குடிமகன் ஆனார்கள், 'ஏலே' போட்ட பிள்ளைமார் உட்பட. சில தோழர்கள் இழிவு ஒட்டிய இச்சொல்லே வேண்டாம், 'குடிநபர்' என்று எழுதலாம் என்கிறார்கள். பெண்ணுக்கு இதில் இடமில்லை என்பதற்காக மாற்றினால் சரி. இழிவுக்காக என்றால் எனக்கு உடன்பாடில்லை. சவரக்கத்தி பிடித்தவர் பெயரைத்தான் இந்த நாட்டில் எல்லோரும் சுமக்கிறார்கள். சங்கடப்படுகிறவர்கள் படட்டும்.