கருவிக்கு வந்த நோய்

மனம் நோயுறும்போது உயிர் நோயுறுகிறதா என்னும் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை, பக்தியுள்ள குடும்பங்கள் பலவும் எண்ணுவதற்கு மாறானது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அந்தக்கரணம், அதாவது உயிர் அறிவதற்குத் துணைநிற்கும் அகக்கருவிகள். அவை மாயையிலிருந்து தோன்றியவை, தாமாக அறியும் ஆற்றல் அற்றவை, ஆகவே உயிர் அல்ல என்பதை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பா, அமைச்சரோடு கூடி ஆளும் அரசனை உவமையாக்கி நிறுவுகிறது. ஆரணியில் பட்டு நெய்பவருக்கு இது புதிதன்று: ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை கிழிந்தால் புட்டாவின் உரு குலையுமே ஒழிய, நெய்பவரின் கைத்திறன் குலைந்துவிடாது. அகக்கருவிகளையும் மூளையையும் ஒன்றென்று சொல்வது பிழையாகும், ஏனெனில் அவை நுண்ணுடலைச் சேர்ந்தவை, மூளை பருவுடலைச் சேர்ந்தது. ஆயினும் இரண்டும் மாயையின் காரியங்களே என்பதால், மூளைக்கு மருந்து உண்பவர் தம் உயிரையோ வழிபடும் தெய்வத்தையோ குறைத்துவிடுவதில்லை.

அத்தகைய மருத்துவத்துக்கு நாட வேண்டியவர் நரம்பியல் மனநல மருத்துவர். அவர், மூளையிலும் நரம்பிலும் தோன்றும் நோய்களால் எண்ணம், உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் நேரும் மாற்றங்களை ஆராய்ந்து மருத்துவம் செய்பவர். வலிப்பு, பக்கவாதம், தலைக்காயம், பார்க்கின்சன் நோய், முதுமையின் மறதி நோய் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் மனக்கோளாறுகள் அவர் பொறுப்பில் அடங்கும். நடந்ததை உடனிருந்தவரிடம் கேட்டறிவதே அவருடைய முதற்கருவி. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் அதன் பின்னரே வருகின்றன.

ஆரணி வட்டாரத்தில் நோயா அருளா என்னும் கேள்வி கூர்மையாக எழும் இடம் சாமியாட்டம். படவேடு ரேணுகாம்பாள் போன்ற அம்மன் சன்னதிகளில் உடுக்கையும் பம்பையும் ஒலிக்க ஒருவர்மேல் அருள் இறங்கி, குறி சொல்லி, கற்பூரம் காட்டியதும் மலையேறிவிடுவதை நோய் என்று மருத்துவமும் சொல்வதில்லை; 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சமயமும் சமூகமும் ஏற்றுக்கொண்ட இத்தகைய நிலையை நோய்ப்பட்டியலிலிருந்து வெளிப்படையாக விலக்குகிறது. ஆனால் அழையாத நேரத்தில், தறியிலோ அடுப்படியிலோ, கை நின்று, கண் நிலைகுத்தி, வாய் எதையோ சுவைப்பதுபோல் அசைந்து, ஓரிரு நிமிடத்தில் தெளிந்தபின் எதுவும் நினைவில்லாமல் போவதும், ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அது நிகழ்வதும், மூளையின் பொட்டுப்பக்க மடலில் எழும் வலிப்பின் குறிகளாக இருக்கக்கூடும். காக்கை வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது அதை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே அடங்குவதால்தான் இரும்பு அடக்கியதாகத் தோன்றுகிறது. ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாகக் குணம் மாறினாலும், தலையில் அடிபட்டபின் பேச்சும் போக்கும் வேறானாலும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் நரம்பியல் மனநல மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சலோடு குழப்பம் வந்தாலோ, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, அவரைத் தேடிக் காத்திராமல் அக்கணமே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இதனால் மனநோயைப் பேணுவதில் கோயிலுக்கு இடமில்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, சராசரியாக 6 வாரத் தங்கலில் அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததைப் பதிவுசெய்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை என்றாலும், அச்சமின்றித் தங்க ஓர் இடமும் உடன் இருக்க உறவினரும் கிடைப்பதன் பயனை அது உணர்த்துகிறது. ஆனால் அக்கட்டுரைக்கு ஓராண்டு முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். நம்பி வந்தவர்களைக் கட்டிவைத்த அந்தக் கொடுமையை எந்தத் தெய்வத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடைசெய்கிறது. உறவினர் உடன் தங்கும் முறை மருத்துவத்திலும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம் நோயாளியைக் குடும்பத்தாருடன் தங்கவைத்தே மருத்துவம் செய்துவருகிறது. அது இருப்பது ஆரணி சாலையில். படவேட்டு அம்மனை வேண்டிக்கொண்டு புறப்படும் குடும்பமும் கண்ணமங்கலம் வழியாக அந்தப் பக்கம்தான் வந்துசேர்கிறது.