ஒப்பமிட்ட கை

தமிழ்ச் சமணரான எங்கள் நயினார் வீடுகளில் பிள்ளைகளுக்கு விரதம் சொல்லிக் கொடுக்கும்போதே வினை ஒட்டும் வழிகளையும் சொல்லிவிடுவார்கள். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. மூன்றுக்கும் ஒரே கணக்குதான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி சொல்லித் தந்த இந்தப் பாடத்தை, ஒரு பக்கக் கோப்புக் குறிப்பு ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

குவாண்டனாமோ சிறைக் கைதிகளை விசாரிக்கும் முறைகள் குறித்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமைச் சட்ட அலுவலர் தம் அமைச்சருக்கு வைத்த குறிப்பு அது. ஆடைகளைக் களையலாம், தலையை மூடலாம், நாயைக் கண்டு அஞ்சுபவனிடம் அந்த அச்சத்தைப் பயன்படுத்தலாம், நான்கு மணி நேரம் வரை நிற்க வைக்கலாம். 2002 டிசம்பர் 2 அன்று அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அதற்கு ஒப்புதல் தந்தார். கீழே தம் கையாலேயே ஒரு வரியும் சேர்த்தார்: தாம் நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்பதாகவும், கைதிக்கு ஏன் நான்கு மணி நேர வரம்பு என்றும்.

வருவாய்த் துறையில் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். ஒப்பம் பழக்கத்தில் விழும். கட்டுக்கட்டாக வரும் கோப்புகளில் படிக்காமலும் விழும். கைக்குறிப்பு அப்படி விழாது. வரிவரியாகப் படித்தவர்தான் ஓர் எண்ணைப் பிடித்துக் கேள்வி எழுப்புவார். அவர் நின்றபடியே வேலை பார்க்கும் வழக்கமுள்ளவர்தான். கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ள அவரை யாரும் தடுக்கவில்லை.

கடற்படையின் சட்ட ஆலோசகர் ஆல்பெர்டோ மோரா விடாமல் எதிர்த்ததால், ஆறு வாரத்தில் அந்த ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் முறைகள் அதற்குள் ஊர் தாண்டிவிட்டன. அவை ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் பரவியதை அமெரிக்க செனட்டின் படைத்துறைக் குழு 2008இல் பதிவு செய்தது. 2004 ஏப்ரலில் இராக்கின் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தபோது உலகம் கண்டதும் நிர்வாணம், நாய், தலை மூடிப் பெட்டிமேல் நிறுத்தப்பட்ட மனிதன்.

படைவீரர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சார்ல்ஸ் கிரேனருக்குப் பத்தாண்டு. அது நியாயமே, ஏவப்பட்டவன் என்பதால் செய்தவனின் வினை குறையாது. அமைச்சரோ 2004 மே 7 அன்று செனட்டில் முழுப் பொறுப்பையும் ஏற்பதாகச் சொன்னார், வதைபட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். கேட்டது படைவீரர்கள் செய்ததற்காக. தாம் ஒப்பமிட்டதற்காக அல்ல. எங்கள் மரபில் அது பிராயச்சித்தம் ஆகாது. பிறர் வினைக்கு வருந்துவது எளிது. 2006 வரை அவர் பதவியிலும் இருந்தார்.

இதே நாடுதான் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவை, அவர் படைகள் செய்த கொடுமைகளுக்காக, 1946இல் தூக்கிலிட்டது. தொடர்பு அறுந்து கிடந்தேன், படைகள் செய்தது எனக்குத் தெரியாது என்றார் அவர். தெரியாது என்றவருக்கே தூக்கு என்றால், படித்துப் பார்த்துக் குறிப்பெழுதியவருக்கு என்ன?

அந்தக் கேள்வியோடு இராக்கியரும் ஆப்கானியரும் ரம்ஸ்ஃபெல்ட் மேல் வழக்குத் தொடுத்தார்கள். பதவியிலிருந்தவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டி, சாட்சி விசாரணைக்கே போகாமல் 2007இல் அது தள்ளுபடியானது. மேல்முறையீடும் 2011இல் தோற்றது. 2024இல் அபு கிரைப்பில் வதைபட்ட மூவருக்கு 4.2 கோடி டாலர் தரவேண்டும் என்று வர்ஜீனியாவில் ஜூரி சொன்னது, விசாரணையாளர்களை அனுப்பிய ஒப்பந்த நிறுவனத்திடம். செய்வித்தவர்களில் அரசுப் பதவி வகித்த ஒருவரும் அந்தத் தீர்ப்பில் இல்லை.