கொடையும் இயைபும்

ஈதற்கண் அளவு பெரிதோ, இயைபு பெரிதோ என வினவுவாரை நுரையீரலை நோக்குமாறு வேண்டுகின்றாம். நாம் நிமிர்ந்து நிற்குங்கால் காற்றும் குருதியும் அதன் அடிப்பகுதிக்கே மிகுதியாய்ச் செல்லும். உச்சியிலோ காற்றினும் குருதி பெரிதும் குறைதலின், வந்த காற்றில் ஒரு கூறு வறிதே மீளும். காற்றெல்லாம் வலப்பாலும் குருதியெல்லாம் இடப்பாலும் சென்றன என வைத்துக்கொள்வோம்; தொகையிற் குறைவின்றாயினும் உயிர் தரியாது. திருவிழாவில் உண்டார்க்கே மீண்டும் படைத்து இலைக் கணக்குக் கூறும் நம்மனோர் இதனை உன்னுவாராக.

காற்றுக் குன்றிய இடத்திற் குழாய்கள் சுருங்கிக் குருதியைக் காற்றுள்ள இடத்திற்குத் திருப்பும் என்பதனை, 1946-இல் சுவீடன் நாட்டறிஞர் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் ஆராய்ந்து உணர்த்தினர். இஃது எளியாரைக் கைவிடுதல் அன்றோ எனின், அன்று. ஈண்டுக் குருதியே இரவலன். அவன் கொடையுள்ள வாயிற்கு ஆற்றுப்படுத்தப்படுகின்றான். ஆயின் உயர்மலையிலே பிராணவாயு எங்கணும் அருகுதலின், குழாய்கள் யாவும் ஒருங்கே சுருங்கி இதயத்திற்குப் பெருஞ்சுமை விளைக்கும்.